நார்டிக் வேர் பண்ட் கேக் அச்சு: ஐசிங் வேண்டாத கேக்குக்கு ஏற்ற பாத்திரம்

வீட்டில் கேக் செய்வது இப்போது அரிய வேலையல்ல. மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகியவற்றை அளந்து கலந்து ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின் அடுப்பில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் கேக் வந்துவிடுகிறது. சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வட்டத் தகரத்திலிருந்து எடுத்த கேக் சுவையில் குறைவில்லாமல் இருந்தாலும், நடுவில் மேடு தட்டி, லேசாக வெடித்து, விருந்தினர் முன் அப்படியே வைக்கத் தயங்கும் தோற்றத்தில் இருக்கும். அதை மறைப்பதற்காகவே கிரீம் அடிப்பதும், ஐசிங் பூசுவதும், அது வெயிலில் உருகாமல் காப்பதும் என்று கேக் செய்வதைவிடப் பெரிய வேலை ஒன்று வந்து சேர்கிறது. நார்டிக் வேர் நிறுவனத்தின், நடுவில் குழலும் சுற்றிலும் மடிப்புகளும் உள்ள பண்ட் அச்சு இந்த இரண்டாவது வேலையை முழுவதுமாக நீக்கிவிடுகிறது என்பதே இந்த மதிப்புரையில் நான் அதற்குத் தரும் முதல் பாராட்டு. கலவையை ஊற்றும்போதே அலங்காரம் முடிந்துவிடுகிறது. கவிழ்த்து எடுத்தால் மடிப்பு மடிப்பாக, நடுவில் துளையோடு, தட்டில் வைத்துப் பார்க்கும்படியான ஒரு கேக் நிற்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது 6 கப் கொள்ளளவுள்ள சிறிய அச்சு. 12 கப் கொள்ளும் பெரிய அச்சையும், மடிப்புகள் சுழன்று இறங்கும் ஹெரிடேஜ் என்ற வடிவத்தையும் உறவினர் வீடுகளில் பயன்படுத்தியிருக்கிறேன். மூன்றுமே வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை. உட்புறம் ஒட்டாத பூச்சு உண்டு. கையில் எடுத்தவுடன் தெரிவது அதன் கனம். நம் பாத்திரக்கடைகளில் கிடைக்கும் மெல்லிய தகட்டு அச்சுகளை விரலால் அழுத்தினால் உள்வாங்கும், இது அசையாது.

இந்த அச்சின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1946-ஆம் ஆண்டு டேவிட் டால்குவிஸ்டும் அவருடைய மனைவி டோரதியும் தொடங்கிய நிறுவனம் இது. அந்தப் பகுதியில் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து குடியேறியோர் மிகுதி. ஆகவே அவர்களுடைய பலகாரங்களுக்கான பாத்திரங்களையே நிறுவனம் முதலில் வார்த்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்று ரோசெட் என்ற பலகாரத்துக்கான, நீண்ட காம்பில் பூ வடிவம் பொருத்திய அச்சு. மற்றொன்று ஏபிள்ஸ்கீவர் என்ற உருண்டைப் பலகாரத்துக்கான குழிச்சட்டி. முன்னதைப் பார்க்கும் எந்தத் தமிழரும் அச்சு முறுக்கு அச்சு என்றே சொல்வார். பின்னதைப் பார்த்தால் பணியாரக்கல் என்பார். செயல்முறையும் ஏறத்தாழ அதுவே: ஒன்றைச் சூடான எண்ணெயில் காயவைத்து மாவில் தோய்க்கிறார்கள், மற்றதில் குழிகளில் மாவை ஊற்றிக் குச்சியால் திருப்புகிறார்கள்.

1950-ஆம் ஆண்டு, மினியாபோலிஸ் நகரில் இருந்த ஹடாசா என்னும் யூதப் பெண்கள் அமைப்பின் உறுப்பினர்கள் டால்குவிஸ்டை அணுகினார்கள். ஐரோப்பாவில் குகல்ஹுப்ஃப் என்ற கேக்கைச் சுடப் பயன்படும் கனமான பீங்கான் அச்சு ஒன்று அவர்களிடம் இருந்தது. அதைப் போன்றதை உலோகத்தில் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அவரும் அதை அலுமினியத்தில் வார்த்து, துண்டு போட வசதியாக இருக்கும்படி மடிப்புகளைச் சீரான இடைவெளியில் அமைத்துக் கொடுத்தார். கேட்டவர்களுக்குப் போக மீதியைக் கடைகளில் விற்பனைக்கு வைத்தார். பல ஆண்டுகளாக அது பெரிதாக விற்கவில்லை. 1966-இல் பில்ஸ்பரி என்ற மாவு நிறுவனம் நடத்திய புகழ்பெற்ற பேக்கிங் போட்டியில், டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எல்லா ஹெல்ஃப்ரிக் என்ற பெண் இந்த அச்சில் சுட்ட ‘டனல் ஆஃப் ஃபட்ஜ்’ என்ற சாக்லேட் கேக்குக்கு இரண்டாம் பரிசு பெற்றார். அந்தக் கேக்கை வெட்டினால் உள்ளே வளையம் முழுவதும் குழைவான சாக்லேட் ஓடும். பரிசு இரண்டாவதுதான், ஆனால் அந்த அச்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டு பில்ஸ்பரிக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்தன. டால்குவிஸ்டின் தொழிற்சாலை இரவும் பகலும் வார்க்க வேண்டியதாயிற்று. முதல் பரிசு பெற்ற பண்டத்தின் பெயர் இன்று அமெரிக்காவிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்.

அந்தப் பழைய பீங்கான், சுடுமண் அச்சுகளின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் சுஃப்லென்ஹைம் என்ற ஊரின் குயவர்கள் இன்றும் மெருகிட்டுப் பூ வரைந்து அவற்றைச் செய்கிறார்கள். கேக் சுடாவிட்டாலும் சுவரில் மாட்டி வைக்கலாம். ஆனால் மண் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவுக்கு அந்த நிதானம் ஒத்துவரும். பேக்கிங் பவுடர் சேர்த்த நம் வீட்டுக் கேக்குக்கு விரைவாகவும் எல்லாப் பக்கமும் சமமாகவும் சூடு கிடைக்க வேண்டும். அலுமினியம் எஃகைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதைக் கனமாக வார்க்கும்போது, அடுப்பின் சூடேற்றும் கம்பிக்கு அருகில் உள்ள இடம் மட்டும் கருகாமல் சூடு சுவர் முழுதும் பரவி நிற்கிறது. நடுக் குழல் அழகுக்கு வைத்ததன்று. ஆழமான வட்டத் தகரத்தில் ஓரம் காய்ந்து போகும்வரை நடுப்பகுதி வேகாமல் கிடக்கும்; இங்கே குழல் வழியாகவும் சூடு ஏறுவதால், எந்தப் பகுதியும் சுவரிலிருந்து நான்கு விரற்கடைக்கு மேல் தள்ளி இருப்பதில்லை. பழமும் முந்திரியும் நிறைந்த கனமான கலவையும் இதில் ஒரே சீராக வெந்து வருவதற்கு இதுவே காரணம்.

நன்றாக வெந்தும், அச்சிலிருந்து வரும்போது உடைந்தால் எல்லாம் வீண். ஒட்டாத பூச்சு இருக்கிறதே என்று எண்ணெய் தடவாமல் ஊற்றக் கூடாது. பெரும்பாலான ஆங்கிலச் சமையல் குறிப்புகள் வெண்ணெய் தடவச் சொல்கின்றன. அதில் உள்ள நீரும் பால் திடப்பொருளும் மடிப்புகளின் அடியில் தங்கி, சூட்டில் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டில் அதற்கு நல்ல மாற்று இருக்கிறது: நெய். உறைந்த நெய்யைப் பிரஷ்ஷால் எடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு மடிப்பிலும், குழலின் மேல் விளிம்பு வரைக்கும் தேய்த்து, அதன்மேல் மைதாவைத் தூவி, அச்சைச் சாய்த்துச் சுற்றித் தட்டி, மிகுதியைக் கொட்டிவிட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மாவு படியாத இடம் பளபளப்பாகத் தெரியும். அங்கே மீண்டும் நெய். பலரும் மறப்பது குழலைத்தான். சாக்லேட் கேக் என்றால் மைதாவுக்குப் பதில் கோகோ தூள் தூவினால் வெள்ளைத் திட்டுகள் இரா. இந்த வேலையைக் கலவை ஊற்றுவதற்குச் சற்று முன்னர்தான் செய்ய வேண்டும்; அரை மணி முன்பே செய்து வைத்தால் சென்னை வெயிலில் நெய் உருகி, மாவையும் இழுத்துக்கொண்டு அடியில் குளமாகிவிடும்.

அடுப்பிலிருந்து எடுத்த பிறகு பத்து நிமிடம் கம்பித் தட்டில் வைத்திருந்து கவிழ்க்க வேண்டும். உடனே கவிழ்த்தால் கேக் இளகி உடையும். அதிக நேரம் விட்டால் ஆவி அச்சுக்குள்ளேயே நீராகி மடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். சரியான நேரத்தில் பார்த்தால் கேக்கின் ஓரம் அச்சுச் சுவரைவிட்டு நூலளவு விலகி, ஒரு மெல்லிய கறுப்புக் கோடு சுற்றிலும் தெரியும். தட்டை அச்சின்மேல் வைத்துத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால், ‘டப்’ என்று ஒரு சிறு ஒலியோடு கனம் கீழே இறங்குவது கைக்கே தெரிகிறது. அந்த ஒலி கேட்காதபோது கத்தியை உள்ளே விட்டு நெம்பக் கூடாது. ஈரத்துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கவிழ்ந்த அச்சின்மேல் சில நிமிடம் போர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும்.

எல்லாக் கேக்கும் இந்த அச்சுக்கு ஏற்றதன்று. முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் மெல்லிய ஸ்பாஞ்ச் மடிப்புகளில் ஒட்டிக் கிழியும். அதற்கு வட்டத் தகரமும் பட்டர் பேப்பருமே சிறந்தவை. வெண்ணெய் அல்லது எண்ணெய் தாராளமாகச் சேர்ந்த, சற்றுக் கனமான கலவைகள்தான் மடிப்பின் வடிவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. வாழைப்பழம், காரட், தயிர், தேங்காய், ரவை ஆகிய நம் வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள்கள் எல்லாம் அந்த வகையில் அடங்கும். முட்டை சேர்க்காதவர்களுக்கு நான் இந்த அச்சுக்குப் பரிந்துரைப்பது ரவைக் கேக். 200 கிராம் ரவை, 60 கிராம் மைதா, 180 கிராம் சர்க்கரை, 250 மி.லி. புளிக்காத தயிர், 100 மி.லி. எண்ணெய், 80 மி.லி. பால், பொடித்த ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் கடைசியில் சேர்த்து, 175 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம் வரை சுட வேண்டும். ஊறவிடாமல் சுட்டால் ரவை பல்லில் நறநறக்கும். ஊறிய பிறகு கலவை கெட்டியாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு கரண்டி பால் சேர்க்கலாம். இந்த அளவு 6 கப் அச்சில் முக்கால் பாகத்துக்கு மேல் ஏறாது.

டூட்டி ஃப்ரூட்டியும் முந்திரியும் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணத் தகரத்தில் அவை அடியில் இறங்கினால் யாருக்கும் தெரியாது. இங்கே அச்சின் அடிதான் கேக்கின் உச்சி. ஆகவே இறங்கிய துண்டுகளின் சர்க்கரை பூச்சில் ஒட்டிக்கொண்டு, கவிழ்க்கும்போது உச்சியில் பள்ளங்களை விட்டுச் செல்லும். கலவையில் கால் பங்கை வெறுமையாக முதலில் ஊற்றிவிட்டு, மீதியில் மைதா புரட்டிய பழத்துண்டுகளைக் கலந்து மேலே ஊற்றுவது எளிய தீர்வு. ஊற்றிய பிறகு அச்சை மேசைமேல் இரண்டு மூன்று முறை தட்டி, மடிப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றவும் வேண்டும். தட்டாவிட்டால் மடிப்பின் முனைகளில் ஊசித்துளைகள் தெரியும்.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நம் நாட்டில் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். 12 கப் அச்சு என்பது அமெரிக்கக் குடும்பத்தின் பெரிய அடுப்பை மனத்தில் வைத்துச் செய்தது. அது ஏறத்தாழ 2.8 லிட்டர் கொள்ளும். அதன் அகலம் சுமார் 26 செ.மீ., உயரம் 11 செ.மீ.க்கு மேல். நம் வீடுகளில் பரவலாக உள்ள 16, 19 லிட்டர் ஓ.டி.ஜி.களில் அது உள்ளே போனாலும் மேல் கம்பிக்கும் கேக்குக்கும் இடையே இரண்டு விரல்தான் மிஞ்சும். கேக் எழும்பியதும் மேற்பகுதி கருகிவிடும். அந்த அளவுள்ள அடுப்பு வைத்திருப்பவர்கள் 6 கப் அச்சையே வாங்க வேண்டும். அது 1.4 லிட்டர் கொள்ளும். சுமார் 21 செ.மீ. அகலம். 8 அங்குல வட்டத் தகரத்துக்கு எழுதப்பட்ட எந்தக் குறிப்பும் கூட்டாமல் குறைக்காமல் இதற்குப் பொருந்துகிறது என்பது பெரிய வசதி. எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். பெரிய அச்சு வேண்டுமென்றால் 28 லிட்டருக்குக் குறையாத அடுப்பு வேண்டும். அப்போதும் அச்சை அடித்தட்டிலேயே வைத்து, மேல் கம்பியை அணைத்துவிடுவது நல்லது. மைக்ரோவேவ் முறையில் இதை வைக்கவே கூடாது. கன்வெக்‌ஷன் முறைக்கு உலோகப் பாத்திரம் ஏற்குமா என்பதை அடுப்போடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

வடிவங்களில் நிறுவனம் தாராளம் காட்டுகிறது. ரோஜா, தேவாலயக் கோபுரம், ஊசியிலைக் காடு என்று பல இருக்கின்றன. படத்தில் பார்த்தால் எல்லாவற்றையும் வாங்கத் தோன்றும். என் கருத்தில், முதல் அச்சாக அவற்றில் எதையும் வாங்க வேண்டாம். வரி நுணுக்கமாக ஆக ஆக நெய் தடவும் வேலையும் கூடுகிறது, ஒட்டும் வாய்ப்பும் கூடுகிறது. கோபுர வடிவத்தின் சிறு சன்னல் வளைவுகள் ரவைக் கேக்கில் துலங்கவே மாட்டா. அதற்கு நுண்ணிய பதமுள்ள வெண்ணெய்க் கேக் வேண்டும். ஹெரிடேஜ் வடிவத்தின் சுழல் மடிப்புகள் ஆழமாகவும் முனை கூராகவும் இருப்பதால் கேக் மிக அழகாக வருகிறது, ஆனால் அந்தக் கூர்முனைகள் மற்ற பாகத்துக்கு முன்பே சிவந்துவிடுகின்றன. துண்டு போடும்போது கத்தியை எந்தக் கோட்டில் இறக்குவது என்று தயங்க வேண்டியும் இருக்கிறது. டால்குவிஸ்ட் முதலில் வார்த்த நேர் மடிப்பு வடிவம் இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது. பள்ளத்தில் கத்தியை வைத்தால் துண்டு தானாகவே ஒரே அளவில் விழுகிறது. பூச்சின் நிறமும் கவனிக்கத்தக்கது: கருநிறப் பூச்சு வெப்பத்தை அதிகம் உறிஞ்சுவதால், அதற்குக் குறிப்பில் சொன்னதைவிட 15 டிகிரி குறைத்து வைக்க வேண்டும், வெளிர்நிற, பொன்னிற அச்சுகளுக்கு அந்தக் கணக்கு தேவைப்படுவதில்லை.

விலைதான் பெரிய தடை. கடல் கடந்து வருவதால், உள்ளூர்த் தகட்டு அச்சின் விலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சொல்லிவைப்பதே சிக்கனமான வழி. அவர்கள் பெட்டியின் எடைக்கணக்கில் இடம் கொடுப்பார்களா என்பது வேறு. மலிவான போலிகளும் இணையத்தில் ஏராளம். அப்படி ஒன்றைப் பெயர் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வடிவம் அச்சு அசலாக இருந்தது. வார்ப்பு அன்று, மெல்லிய தகட்டை அழுத்தி எடுத்தது. ஒரு பக்கம் கருகி மறு பக்கம் வெளிறிய கேக்கையே அது கொடுத்தது. சில மாதங்களில் குழலின் உச்சியில் பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கியதால் தூக்கிப் போட்டுவிட்டேன். மிகுந்த செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு அதைவிட, பூச்சே இல்லாத கனமான உள்ளூர் அலுமினிய வளைய அச்சு எவ்வளவோ மேல். அதில் மடிப்பழகு இராது, நெய்யும் மைதாவும் கூடுதலாக வேண்டும். ஆனால் நடுக் குழலின் பயன் முழுவதும் கிடைக்கும். சிலிகான் அச்சுகளைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றிலிருந்து கேக் எளிதாக வருகிறது, ஆனால் மேற்பரப்பு சிவக்காமல் வெளிறி நிற்கிறது. பண்ட் கேக்கில் எனக்குப் பிடித்ததே அந்த மடிப்பு முனைகளின் மொறுமொறுப்புதான்.

பராமரிப்பு எளிது. ஆறிய பிறகு வெந்நீரும் மென்மையான பஞ்சும் போதும்; இரும்புநாரும் உலோகக் கரண்டியும் பக்கத்தில் வரக் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கடுமையான சோப்பு வார்ப்பு அலுமினியத்தைக் கருக்கச் செய்யும். எண்ணெய் ஸ்பிரே பயன்படுத்துவோர் அடுத்தடுத்துச் சுடும்போது மடிப்புகளில் பழுப்பாகப் பிசுபிசுப்பு படிவதைக் காணலாம். நெய்யில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டு வேலைக்கு வருபவரிடம் கொடுக்கும் முன் அதை எப்படித் தேய்ப்பது என்று சொல்லிவிடுவது அவசியம். எங்கள் வீட்டில் தேய்க்க வரும் அக்கா முதல்நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இத சபீனா போட்டுத் தேய்க்கவாம்மா?” என்று கேட்டார். நல்லவேளை, கேட்டார்.

பரிமாறும்போது மேலே பொடித்த சர்க்கரை தூவுவது வழக்கம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது சிறிது நேரத்திலேயே கரைந்து மறைந்துவிடும் என்பதால், தட்டை மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் தூவினால் போதும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய இளம்பாகை, கேக் சூடாக இருக்கும்போதே கரண்டியால் மடிப்புகளில் வார்ப்பது அதைவிட நல்லது. பாகு பள்ளங்கள் வழியாக இறங்கி, சுவறி, மறுநாள் வரைக்கும் கேக்கை உலராமல் வைக்கிறது.

கோடையில் அடுப்பு மூட்ட மனம் வராத மாதங்களில் இந்த அச்சைப் பரண்மேல் ஏற்ற வேண்டியதில்லை. பாலில் காய்ச்சிய கடற்பாசியை (சைனா கிராஸ்) ஊற்றிக் குளிரவைத்தால் மடிப்பெல்லாம் கூராக விழுந்து உறைகிறது. கவிழ்க்குமுன் அச்சின் வெளிப்புறத்தை வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் வைத்து எடுக்க வேண்டும். துண்டு போடுவதைத் தட்டுக்கு மாற்றிய பிறகுதான் செய்ய வேண்டும், கத்தி பூச்சில் படக் கூடாது.